கேட்டுவிட்டு எடு, சொல்லிவிட்டு அனுப்பு: உயிரி வளச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகை, நாட்டு விதை, மரபணு மாற்றம் என்று பேச்சு தொடங்கினால், சற்று நேரத்தில் யாராவது ஒருவர் "இதற்கெல்லாம் உலகச் சட்டம் எதுவும் கிடையாதா?" என்று கேட்டுவிடுவார். உண்டு. ஒன்றல்ல, பல. கல்லூரிக் கூட்டங்களிலும் விதைத் திருவிழாக்களிலும் சித்த மருத்துவ நண்பர்களிடமிருந்தும் எனக்கு வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் சொந்த விவகாரத்துக்கு வழக்கறிஞரைப் பாருங்கள். இது பொதுவான விளக்கம்தான்.

எந்தச் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

தாய்ச் சட்டம் உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை. 1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1993 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு பிள்ளைகள். மரபணு மாற்றப்பட்ட உயிரிகள் எல்லை தாண்டுவதைப் பற்றியது கார்டஹேனா நெறிமுறை (2000). செடி, விதை, நுண்ணுயிர் போன்ற மரபு வளங்களையும் அவற்றைச் சார்ந்த அறிவையும் எடுப்பவர் பயனைப் பகிர வேண்டும் என்பது நகோயா நெறிமுறை (2010). பயிர் விதைகளுக்கென்று 2001-இல் தனியாக ஓர் ஒப்பந்தம் உருவானது.

பெயர்கள் மறந்துபோனாலும் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நகோயா "கேட்டுவிட்டு எடு" என்கிறது. கார்டஹேனா "சொல்லிவிட்டு அனுப்பு" என்கிறது. மற்றதெல்லாம் இந்த இரண்டின் விரிவுரை.

1992-க்கு முன்னால் எப்படி இருந்தது?

செடிகொடிகள் மனித குலத்தின் பொதுச்சொத்து என்ற எண்ணம் இருந்தது. கேட்க அழகாக இருக்கும். யார் கையில் கப்பல் இருந்ததோ அவருக்குத்தான் அது பயன்பட்டது.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம், ஊட்டிக்குப் போனால் போதும். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. அந்த மரம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்குரியது. பெரு நாட்டின் அரசுச் சின்னத்திலேயே அது இருக்கிறது. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆங்கிலேயர் அங்கே ஆட்களை அனுப்பி நாற்றுகளும் விதைகளும் சேகரித்தார்கள். அவை நீலகிரிக்கு வந்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. உயிரி வளக் கொள்ளை என்றாலே நம்மிடமிருந்து போனதைத்தான் நாம் பேசுகிறோம். நம் மலைக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கணக்கில் உண்டு.

அப்படியானால் பெரு இன்று நம்மிடம் பங்கு கேட்கலாமா?

முடியாது. உடன்படிக்கை பின்னோக்கிப் பாயாது. மிளகாய், உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்குதான் என்பதால், இந்த விதி நமக்கும் வசதி.

பயன் பகிர்வு என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? ஓர் உண்மைச் சம்பவம் சொல்ல முடியுமா?

உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்படும் சம்பவம் நம் அகத்தியமலையில்தான் நடந்தது. 1987-இல் தாவரவியலாளர் குழு ஒன்று கேரளப் பக்கத்துக் காட்டுக்குள் போயிற்று. வழிகாட்டிகள் காணி மக்கள். மலையின் இந்தப் பக்கம், திருநெல்வேலி, கன்னியாகுமரிக் காடுகளில் வாழும் காணிக்காரர்களும் அவர்களுடைய உறவினர்தான். ஏற்றத்தில் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சிறு கனியை மென்றபடி சளைக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். அது என்னவென்று கேட்டபோது முதலில் தயங்கினார்கள்; பிறகு சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியை ஆராய்ந்தது. காணிகள் தின்றது கனி. ஆய்வில் மருந்துக்கு ஏற்றதாகத் தேறியது இலை. அதோடு வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995-இல் கோவையைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமப் பங்கு. இதில் பாதி காணி மக்களுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. 1997-இல் காணிகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று.

அப்போது நகோயா இல்லை, இந்தியச் சட்டமும் இல்லை. யாரும் கட்டாயப்படுத்தாமலே பாதியைக் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. பிலாத்தி எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர், வழிகாட்டிகள் இருவர் சொல்லிவிட்டால் அது சமூகமே சொன்னதாகுமா என்று எதிர்த்தார்கள். இலை பறிப்பதிலும் பயிரிடுவதிலும் வனத்துறை குறுக்கே வந்தது. காட்டைவிட்டு வெளியே வளர்த்தால் குணம் குறைகிறது என்ற சிக்கல் வேறு. வெளிநாட்டில் காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று 'ஜீவனி' என்ற பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது.

பங்கு பிரிப்பதுதான் பெரிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் யாரைக் கேட்பது என்று முடிவு செய்வதுதான் அதைவிடப் பெரிய வேலை.

அதே சம்பவம் இன்று நடந்தால்?

வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காட்டுக்குள் போவதற்கு முன்பே அவர் இரண்டு காரியங்களை முடித்திருக்க வேண்டும். முதலாவது, முழு விவரமும் சொல்லி முன்கூட்டியே பெற்ற ஒப்புதல். இரண்டாவது, யாருக்கு என்ன கிடைக்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள். இவை முடிந்தால் நாடு அனுமதி தரும். அந்த விவரத்தை நகோயாவின் உலகத் தகவல் மையத்தில் பதிந்தால் அது சர்வதேச அங்கீகாரம் பெற்ற சான்றிதழாகிவிடும். ஆய்வாளர் ஊர் திரும்பியதும், "இதை முறையாகத்தான் எடுத்தாயா?" என்று அவருடைய நாடு கேட்டால் காட்ட வேண்டிய தாள் அதுதான்.

உலகிலேயே முதல் சான்றிதழ் 2015 அக்டோபர் 1-இல் வெளியானது. கொடுத்தது இந்தியா. குஜராத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் மருத்துவ அறிவைப் பற்றி இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஆராய்வதற்கான அனுமதி அது. வழங்கிய தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான், தரமணியில் இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

நான் பரம்பரை வைத்தியர். கஷாயத்துக்கு வேர் பிடுங்க அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டமே உள்ளூர் மக்களுக்கும் பாரம்பரிய வைத்தியர்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. வணிக அளவில் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குத்தான் கடமை. "நாங்கள் இந்திய நிறுவனம், எங்களுக்கெதற்குப் பயன் பகிர்வு?" என்று கேட்டு ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், இந்திய நிறுவனமும் பகிரத்தான் வேண்டும் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. சிறைத் தண்டனை போய் அபராதம் வந்தது. நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்கும் வந்தது. இந்தக் கடைசிப் பிரிவு எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் சுவடியிலும் அச்சிலும் ஏறாத மூலிகை குறைவு. நூலில் இருப்பதெல்லாம் விலக்கு என்றால், அந்த மூலிகையைக் காட்டில் காத்து வைத்திருப்பவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்.

மஞ்சள் வழக்கிலும் வேம்பு வழக்கிலும் நாம் வென்றது இந்தச் சட்டத்தால்தானே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இல்லை. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதை எதிர்த்து, பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அடுக்கி, "இது புதிதல்ல" என்று காட்டியது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. வேம்பு எண்ணெயின் பூஞ்சைக்கொல்லிக் காப்புரிமை ஐரோப்பாவில் 2000-இல் ரத்தாகி, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இரண்டையும் வீழ்த்தியது காப்புரிமைச் சட்டம்தான்.

வேறுபாடு முக்கியம். காப்புரிமையை உடைத்தால் ஒருவர் தனியுரிமை கொண்டாட முடியாது, அவ்வளவுதான். யாருக்கும் ஒரு பைசா பங்கு வராது. இந்த அனுபவத்திலிருந்துதான் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களின் மருந்துக் குறிப்புகளைப் பிற மொழிகளில் தரும் மின் நூலகம் ஒன்றை இந்தியா உருவாக்கியது. 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், மரபு வளத்தை அடிப்படையாகக் கொண்ட காப்புரிமை விண்ணப்பத்தில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்கிறது.

வெளிநாட்டவர் மிளகு வாங்கிக் குழம்பு வைத்தாலும் பங்கு தர வேண்டுமா?

வேண்டாம். சமைப்பது வேறு, ஆராய்வது வேறு. மிளகின் மரபணுவையோ வேதிப்பொருளையோ ஆராய்ந்து புதிதாக ஒன்றை உருவாக்க முற்பட்டால்தான் நகோயா பேசத் தொடங்கும்.

மரபணு மாற்ற விதைகளைப் பற்றிய கார்டஹேனா என்ன சொல்கிறது?

முதலில் அது பிறந்த கதை. 1999 பிப்ரவரியில் கொலம்பியாவின் கார்டஹேனா நகரில் கூடினார்கள். பேச்சு முறிந்தது. தானியம் ஏற்றுமதி செய்யும் அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி, உருகுவே ஒரு பக்கம். பெரும்பாலான வளரும் நாடுகள் மறுபக்கம். ஐரோப்பிய ஒன்றியமும் மற்றவர்களும் இடையில். கொலம்பிய அமைச்சர் ஹுவான் மயர் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு பையில் வண்ணப் பந்துகளைப் போட்டு எடுக்கச் சொல்லி, யார் முதலில் பேசுவது என்ற சண்டையைத் தீர்த்தார். குலுக்கல் சீட்டு மாதிரிதான். 2000 ஜனவரி 29-இல் மான்ட்ரியாலில் உடன்பாடு ஏற்பட்டது. ஊர் மாறினாலும் பெயர் கார்டஹேனாவாகவே நின்றுவிட்டது.

அதன் உயிர்நாடி இதுதான்: வயலில் விதைப்பதற்காக ஒரு மரபணு மாற்ற உயிரியை முதன்முறையாக ஒரு நாட்டுக்கு அனுப்புவதானால், முன்கூட்டியே விவரமெல்லாம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். வாங்கும் நாடு 90 நாட்களுக்குள் "கடிதம் கிடைத்தது" என்று தெரிவிக்க வேண்டும். 270 நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. இந்தச் சட்டம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு இடங்களில் எழுதி வைத்திருக்கிறது. ஆள்பலம் இல்லாத சிறிய நாட்டு அலுவலகத்தில் கோப்பு மேசையிலேயே கிடந்தாலும், அதைச் சாக்காக வைத்து விதையை இறக்க முடியாது. எனக்கு இந்த நெறிமுறையில் மிகவும் பிடித்த வரி இதுதான்.

ஆபத்து உண்டு என்று அறிவியல் உறுதியாக நிரூபிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஐயம் நீங்காத நிலையிலேயே மறுக்கலாம் என்ற முன்னெச்சரிக்கை விதியும் உண்டு. ஏற்றுமதி நாடுகள் கடைசிவரை எதிர்த்தது இதைத்தான்.

உணவுக்காக வரும் தானியத்துக்கும் இதே விதியா?

இல்லை, இங்கேதான் ஓட்டை. தின்பதற்கும் தீவனத்துக்கும் ஆலைக்கும் வரும் தானியத்துக்கு முன் ஒப்புதல் கட்டாயமில்லை. உள்நாட்டில் அதற்கு அனுமதி அளித்த நாடு 15 நாட்களுக்குள் கார்டஹேனாவின் உலகத் தகவல் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சரக்குத் தாளில் "மரபணு மாற்ற உயிரி இருக்கலாம்" என்று எழுத வேண்டும்.

ஆனால் தானியம் வந்து இறங்கிய பிறகு உணவுக்கும் விதைக்கும் இடையே கோடு கிழிப்பது யார்? 2002-இல் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளில் கடும் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து வந்த நிவாரண மக்காச்சோளத்தில் மரபணு மாற்ற ரகம் கலந்திருந்தது. கையில் கிடைத்த மணியில் ஒரு பிடியை விதைக்கு எடுத்து வைக்காத விவசாயி உண்டா? அந்த அச்சத்தால் ஸிம்பாப்வேயும் மொசாம்பிக்கும் மாவாக அரைத்துக் கொடுங்கள் என்றன. ஸாம்பியாவின் அதிபர் லெவி முவனவாசா மாவையும் ஏற்கவில்லை. மக்கள் பட்டினி கிடக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று உலகம் கேட்டது. அந்தக் கேள்விக்கு எளிய பதில் என்னிடம் இல்லை.

சட்ட நுணுக்கம் ஒன்றை மட்டும் சொல்லலாம். கார்டஹேனா உயிருள்ளவற்றைப் பற்றியது. முளைக்கும் மணி அதற்குள் வரும். மாவும் எண்ணெயும் வராது. மரபணு மாற்றப் பருத்தியின் விதை அதற்குள் வரும். அந்தப் பருத்தியில் நெய்த வேட்டி வராது.

அமெரிக்கா இதில் உறுப்பினரா?

இல்லை. தாய் உடன்படிக்கையிலேயே கையெழுத்திட்டதோடு நிறுத்திக்கொண்டது. இதன் வலி 2006-இல் தெரிந்தது. ஐரோப்பா மரபணு மாற்றப் பொருட்களைத் தாமதப்படுத்துகிறது என்று அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா தொடுத்த வழக்கில், உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புக் குழு கார்டஹேனாவைக் கணக்கில் எடுக்க மறுத்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அதில் உறுப்பினர்கள் இல்லை என்பதே காரணம்.

மரபணு மாற்ற உயிரியால் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு?

அதற்கென்று 2010-இல் கார்டஹேனாவுக்கு நகோயா-கோலாலம்பூர் என்ற துணை நெறிமுறை ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வர 2018 மார்ச் ஆயிற்று. சேதத்தைத் தடுக்கவும் சீர்செய்யவும் அந்த உயிரியைக் கையாள்பவரைப் பொறுப்பாக்குகிறது. நஷ்டஈட்டு வழக்குகளைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது.

பிடி (Bt) என்ற மரபணு மாற்றக் கத்தரிக்காய் நிறுத்தப்பட்டது கார்டஹேனாவாலா?

அல்ல. அது உள்நாட்டு முடிவு. 2009-இல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பல நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9-இல் நிறுத்தி வைத்தார். வங்கதேசம் 2013-இல் அனுமதி தந்தது. சந்தைப் பையில் ஒரு பொட்டலம் விதை எல்லை தாண்டுவதற்கு எந்த நெறிமுறையையும் கேட்காது.

மரபணுத் திருத்தமும் இதே வகைதானா?

நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. வெளியிலிருந்து மரபணு எதையும் சேர்க்காமல் உள்ளதையே திருத்தும் சில வகைகளுக்கு 2022-இல் இந்தியா கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அப்படி உருவான இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. வேறு நாடுகள் அதே நெல்லை மரபணு மாற்றம் என்றே கருதினால், ஏற்றுமதியில்தான் சிக்கல் தெரியும்.

கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு மாப்பிள்ளைச் சம்பா விதைநெல் அனுப்பலாமா?

விதைத் திருவிழாவுக்குப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பொங்கிச் சாப்பிட அரிசி என்றால் அது சாதாரண உணவுப் பொருள். முளைக்கும் நெல் என்றால் முதலில் நிற்பது பல்லுயிர்ச் சட்டம் அல்ல, தாவர நோய்த் தடுப்பு விதி. நோய் இல்லை என்ற சான்று இல்லாமல் பார்சலில் போகும் விதை அங்கே அழிக்கப்படலாம். அண்ணன் ஆய்வாளராக இருந்து ஆராய்ச்சிக்குக் கேட்டால் கதையே வேறு, அனுமதி வேண்டும்.

ஆய்வு நிலையங்களுக்கு இடையே விதை போவதற்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் ஒப்பந்தம் வழி செய்கிறது. நெல், கத்தரி, வாழை, தென்னை உட்பட 64 வகைப் பயிர்களை ஒரு பொதுக் களஞ்சியம்போல ஆக்கி, ஒவ்வொரு முறையும் பேரம் பேசாமல் ஒரே மாதிரியான ஒப்பந்தத் தாளில் கொடுத்து வாங்கலாம் என்றது. நிலக்கடலையும் தக்காளியும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

மனித இரத்தம், மரபணு மாதிரிகள்?

உடன்படிக்கையில் சேராது. அவற்றுக்கு மருத்துவ அறநெறி விதிகள் தனி.

வைரஸ்?

வைரஸும் ஒரு நாட்டின் வளம்தான் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னது இந்தோனேசியா. 2007-இல் பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்தது. எங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸில் தடுப்பூசி தயாராகிறது, அதை வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை என்பது அதன் வாதம். உலகம் பதறியது, ஆனால் பேச்சுக்கு உட்கார்ந்தது. 2011-இல் உலக சுகாதார அமைப்பு இன்ஃப்ளுயன்ஸாவுக்கென்று ஓர் ஏற்பாட்டை ஏற்றது. மாதிரிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டுகின்றன. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று ஒப்பந்தத்தில் இதே கணக்கை மற்ற கிருமிகளுக்கும் விரித்தார்கள். விவரத்தை மட்டும் பிற்சேர்க்கையில் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டுச் சீர்வரிசை பேசுவதுபோல.

இணையத்தில் மரபணு வரிசை கிடைக்கிறதே, அதற்கும் கேட்க வேண்டுமா?

இன்றைய பெரிய சண்டை இதுதான். ஒரு செடியின் மரபணுத் தொகுதி நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட வரிசை. அதைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால், செடியே தேவையில்லை. வேண்டிய துண்டை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். "எடு" என்ற சொல்லுக்கே பொருள் கரைந்துவிட்டது. எதுவும் எடுக்கப்படவில்லையே!

2022-இல் மான்ட்ரியாலிலும் 2024-இல் கொலம்பியாவின் காலி நகரிலும் கூடிப் பேசி, நாடு நாடாகக் கேட்பதற்குப் பதிலாக ஒரே நிதியம் வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் ரோமில், அந்த நகரின் பெயரிலேயே 'காலி நிதியம்' தொடங்கப்பட்டது. இத்தகைய தரவால் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ செலுத்தலாம்; அதில் குறைந்தது பாதி பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும். "செலுத்தலாம்" என்றுதான் சொல்ல முடியும். கட்டாயம் இல்லை.

ஆரோக்கியப்பச்சையின் மரபணுத் தொகுதி 2019-இல் ஆய்விதழில் வெளியாகிவிட்டது. அதை இறக்கிக்கொள்பவர் அகத்தியமலை ஏற வேண்டியதில்லை, வழிகாட்டியும் வேண்டியதில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் அவரிடம் யாரும் ஒரு கனியை நீட்ட வேண்டியதில்லை.